மஞ்சள் பட்டை

டோக்கியோவின் ரொப்பொங்கி நிலையத்தில் ஓஎடோ சுரங்க ரயில் தடத்தின் கீழ் நடைமேடை தரையிலிருந்து 42 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அவ்வளவு ஆழத்திலும் காலடியில் ஒரு மஞ்சள் பட்டை கூடவே வருகிறது. நீளக் கோடுகள் மேடிட்டிருந்தால் நடக்கலாம். புள்ளிகள் மேடிட்டிருந்தால் நிற்க வேண்டும். பார்வையற்றவர்கள் கைத்தடியாலும் செருப்படியாலும் படிக்கும் எழுத்து அது. செய்இச்சி மியாகே உருவாக்கிய இந்தப் பட்டைக்கான கல்லை முதன்முதலில் பதித்தது ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளி அருகே, 1967இல்.

கண் தெரிந்தவர்கள் அதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஆனால் ரயில் வரும்போது அவர்களையும் அந்தப் பட்டைக்குப் பின்னால் நிற்கச் சொல்லித்தான் அறிவிப்பு ஒலிக்கிறது. சிலருக்காகப் போட்ட வழி, கூட்டம் முழுவதையும் காக்கிறது. கருணை நன்றியை எதிர்பார்க்கும். நல்ல ஏற்பாடு எதிர்பார்க்காது. நாம் சலுகை என்று ஒதுக்கி வைப்பதில் பாதி, சற்றே யோசித்தால், எல்லாருக்கும் வேண்டியதுதான்.

இதே பட்டை சென்னை மெட்ரோ நிலையங்களிலும் இருக்கிறது. அதன் மேல் பெட்டியை வைக்காதீர்கள். அதன் மேல் நின்றுகொண்டு செல்போனும் பார்க்காதீர்கள்.