கலைத்துக்கொள்ளும் உரிமை

நியூயார்க் மாநிலத்தின் செனிகா ஃபால்ஸ், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்ற தீர்மானம் 1848 ஜூலையில் நிறைவேறிய ஊர். அதே ஊரின் வாக்காளர்கள், ஆணும் பெண்ணுமாக, 2010 மார்ச்சில் வாக்களித்துத் தங்கள் கிராம அரசையே வேண்டாமென்றார்கள். 1831இல் ஏற்பட்ட அந்த அரசு 2011ஆம் ஆண்டின் கடைசி நாளோடு முடிந்தது. முரணைச் சுட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. தன்னைத்தானே ஆளும் உரிமையில், அந்த ஆட்சியை முடித்துக்கொள்ளும் உரிமையும் அடங்குமா?

கலைக்கச் சொன்னவர்களின் தரப்பு அற்பமானதல்ல. அங்கே கிராமம் என்பது 'டவுன்' என்ற பெரிய பரப்புக்குள் அடங்கிய பகுதி. கிராமத்தில் இருப்பவர் இரண்டு அரசுகளுக்கும் வரி கட்டவேண்டும். வெளியே இருப்பவருக்கு ஒன்றுதான். தமிழில் வேஷத்தையும் கலைக்கிறோம், குருவிக்கூட்டையும் கலைக்கிறோம். ஒரு சாரார் கண்டது முதலாவதை. மறு சாரார் கண்டது இரண்டாவதை.

தன்னை அடிமையாக விற்றுக்கொள்வது சுதந்திரத்தில் சேராது என்று மில் 1859இல் வாதிட்டார். அந்த வாதத்தை இங்கே அப்படியே பொருத்த முடியாது. கிராமம் போனபிறகும் டவுனில் வாக்கு இருக்கிறது. போனது வாக்கல்ல, வாக்கின் எடை. ஒரு தெருவின் சாக்கடையைப் பற்றிய கேள்விக்கு எத்தனை பேருக்கு நடுவில் நின்று பதில் கேட்கவேண்டும் என்பது மாறிவிடுகிறது.

கிராமம் என்றதுமே நம்மில் சிலருக்கு மனம் இளகிவிடுகிறது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இந்தியக் கிராமத்தைக் குறித்துச் சொன்னவற்றை மறந்தால்தான் அது சாத்தியம். அங்குள்ள கிராமம் வேறு, நம்முடையது வேறு. ஆனாலும் நெருக்கத்தில் அன்பு மட்டுமல்ல, கண்காணிப்பும் ஒடுக்குதலும் வளரும் என்பது எங்கும் உண்மை. எனவே சிறியது என்ற ஒரே காரணத்துக்காக எதையும் காப்பாற்றச் சொல்லமாட்டேன்.

எனினும் அந்த மாநிலச் சட்டத்தின் இரு அம்சங்கள் என்னை உறுத்துகின்றன. கலைப்பின்மீது வாக்களிப்பவர்கள் கிராமத்தார் மட்டுமே. பொறுப்புகளை ஏற்கப்போகும் டவுனின் மற்றப் பகுதியினருக்கு அதில் வாக்கில்லை. அடுத்தது, கிராமம் விட்டுச்செல்லும் தீராத கடன் பழைய எல்லைக்குள் இருக்கும் சொத்துக்களின்மீதே சுமத்தப்படும். அரசு கலைந்தாலும் ஊர் கலைவதில்லை என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. கடன்காரனுக்கு அந்த ஊர் இன்னும் தெரிகிறது. குறை சொல்ல வருபவனுக்கு மட்டும் அது இல்லாமற் போய்விடுகிறது.

இதிலிருந்து நான் வந்தடைவது இதுதான். பெரும்பான்மைக்குக் கலைக்கும் அதிகாரம் உண்டு. ஆனால் அது சொத்தை விற்கும் உடைமைக்காரனின் அதிகாரமல்ல, பிறருக்காக அதை வைத்திருப்பவனின் அதிகாரம். அந்த அரசை உண்டாக்கியவர்கள் வேறு யாரோ. அது இல்லாமல் வாழப்போகிறவர்கள் இன்னும் பிறக்கவில்லை. வரி குறையும் என்பது நியாயமான காரணந்தான், ஆனால் பாதிக் காரணம். மறுநாள் யாரிடம் போய்க் கேட்பது, அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவரா என்பது மறுபாதி. அதையும் யோசித்து வாக்களித்தவர்கள் கலைத்திருந்தாலும் தங்களை ஆண்டுகொண்டவர்கள்தான். யோசிக்காதவர்கள், கிராம அரசை வைத்துக்கொண்டிருந்தாலும், அதை முன்பே இழந்தவர்கள்.