தெரிந்த பிழை யாருடையது?

விற்றுவிட்ட வண்டியில் குறை இருக்கலாம் என்று தயாரித்த நிறுவனமே அறிவித்து, அதைப் பணிமனைக்கு வரவழைத்து, காசு வாங்காமல் சரிசெய்து அனுப்புவது ரீகால். 2021-இல் மஹிந்திரா நிறுவனம் 29,878 பிக்கப் வண்டிகளை இப்படி அழைத்தது. 2020 ஜனவரிக்கும் 2021 பிப்ரவரிக்கும் இடையில் தயாரான அந்த வண்டிகளில், திரவம் செல்லும் குழாய் ஒன்று சரியாகப் பொருத்தப்படாமல் இருக்கலாம் என்று ஐயம் எழுந்திருந்தது. அதே ஆண்டு ஜூலையில், நாசிக் ஆலைக்கு வந்த மாசுபட்ட எரிபொருளால் எஞ்சின் பாகங்கள் காலத்துக்கு முன்பே தேயக்கூடும் என்று 600-க்கும் குறைவான டீசல் வண்டிகளை அந்நிறுவனம் அழைத்தது. இரண்டு அறிவிப்புகளிலும் குறை உறுதியாகச் சொல்லப்படவில்லை. எந்த வண்டியில் குழாய் பிசகியிருக்கிறது என்பது ஒவ்வொன்றையும் தூக்கி, அடியில் விளக்கடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

செய்தவனுக்கே தெரியாமல் பொருளில் புகுந்துவிட்ட பிழைக்கு யார் பொறுப்பு? அது தெரியவந்த நாள் முதல் அந்தப் பொறுப்பு யார் யாரிடம் போய்ச் சேர்கிறது? சமய நூல்களும் அறநூல்களும் மோட்டார் வண்டி பிறப்பதற்கு வெகு காலம் முன்பே இந்தக் கேள்விகளோடு மல்லுக்கட்டியிருக்கின்றன.

பழைய சட்ட மரபு இதை வணிகத்தின் பக்கமிருந்து அணுகியது. விற்றபின் மனம் மாறுவதற்கும் வாங்கியபின் மனம் மாறுவதற்கும் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் கெடு வைக்கிறது: வணிகருக்கு ஓர் இரவு, உழவருக்கு மூன்று, மாடு மேய்ப்போருக்கு ஐந்து. மனுஸ்மிருதி பத்து நாள் தருகிறது. கெடு தாண்டினால் கொடுத்தது கொடுத்ததுதான். மாட்டையும் தானியத்தையும் வைத்து வகுத்த கணக்கு இது. மாட்டின் குறை சில நாளில் வெளிப்பட்டுவிடும். தானியத்தின் குறை கையை உள்ளே விட்டாலே தெரியும். நபிகள் நாயகம் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கை விட்டு, அடியில் ஈரத்தைக் கண்டு, அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கேட்டதாக ஹதீஸ் சொல்கிறது. குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பித் தரும் உரிமையை இஸ்லாமியச் சட்டம் விரிவாக வகுத்துள்ளது. ஆனால் அந்த வணிகருக்கு ஈரம் தெரிந்திருந்தது. விற்பவருக்கே தெரியாத குறை என்பது வேறு வகை.

கி.மு. 44-இல் சிசரோ எழுதிய கடமைகள் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியிலும் தெரிந்த குறைதான் பேசப்படுகிறது. ஒருவர் தன் வீட்டை விற்கிறார்; அதன் கேடு அவருக்கு மட்டுமே தெரியும்; சொல்ல வேண்டுமா? சட்டம் கேட்பதற்கு மேல் சொல்லத் தேவையில்லை என்கிறார் டயோஜெனிஸ் என்ற ஸ்டோயிக் தத்துவவாதி. சொல்லியே ஆக வேண்டும் என்கிறார் அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர். சிசரோ மாணவர் பக்கம் சாய்கிறார். ஆனால் விற்பனை முடிந்து மூன்றாண்டு கழித்து விற்றவருக்கே குறை தெரியவந்தால் என்ன செய்வது என்று இருவருமே கேட்கவில்லை. ரீகால் தொடங்குவது அங்கேதான்.

இந்தியாவில் இது முதலில் சட்டமாக வரவில்லை. 2012-இல் வாகனத் தயாரிப்பாளர் சங்கமான சியாம், உறுப்பினர்கள் தாமாக முன்வந்து செய்ய வேண்டியதாக ஒரு நெறிமுறையை வகுத்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தம் 110-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. சுற்றுச்சூழலுக்கோ, ஓட்டுநருக்கோ, உள்ளே இருப்பவர்களுக்கோ, சாலையில் செல்லும் பிறருக்கோ கேடு விளைவிக்கக்கூடிய குறை இருந்தால் வண்டிகளைத் திரும்ப அழைக்க மத்திய அரசு ஆணையிடலாம். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். கௌடில்யரின் ஓர் இரவு ஏழு ஆண்டாக நீண்டிருக்கிறது.

அதே பிரிவில் இன்னொரு வரி உண்டு. குறையைத் தானே கண்டு, அரசுக்குத் தெரிவித்து, வண்டிகளைத் திரும்ப அழைக்கும் நிறுவனத்துக்கு அந்தப் பிரிவின் அபராதம் இல்லை. அரசு ஆணையிட்ட பிறகே அசைந்தால் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை கட்ட நேரும். ஒப்புக்கொண்டவருக்கு மன்னிப்பு, பிடிபட்டவருக்குத் தண்டனை என்ற இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் சமயத்தை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் பாவமன்னிப்பைப் பேசும் எந்த மரபிலும் இதற்கு இணை உண்டு.

அறியாமல் செய்த பிழை பற்றித் தமிழ் மரபின் மிகக் கடுமையான கதை ஒரு வாகன விபத்துதான். மனுநீதிச் சோழனின் மகன் திருவாரூர் வீதியில் தேரில் போனான். கன்று ஒன்று துள்ளி வந்து சக்கரத்தில் அகப்பட்டு இறந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. அமைச்சர்கள் பரிகாரம் போதும் என்றார்கள். பிறர் ஓர் உயிரைக் கொன்றால் தண்டிக்கும் தான், தன் மகனுக்கு மட்டும் பரிகாரம் செய்தால் அது என்ன நீதி என்று அரசன் மறுத்தான். இதை விரித்துப் பாடிய சேக்கிழாரின் பெரியபுராணம் அரங்கேறியது சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் என்பது வழிவழிச் செய்தி. இன்றைய வாசகர் பெரும்பாலும் அமைச்சர்கள் பக்கம்தான் நிற்பார். நிற்பதில் தவறும் இல்லை. ஆனால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அரசனின் வாதத்தில் ஒரு பாதியை எடுத்துக்கொண்டிருக்கிறது. பொருளில் தயாரிப்புக் குறை இருந்து அதனால் ஒருவருக்குக் கேடு வந்தால் அதுவே பொறுப்புக்குப் போதும். தயாரித்தவர் அலட்சியமாக இருந்தார் என்று தனியே நிறுவ வேண்டியதில்லை. அறியாமை தண்டனையைக் குறைக்கும், இழப்பை ஈடுகட்டாது.

வைணவ மரபு வேறொரு கோட்டைப் போடுகிறது. கடலூரை ஒட்டிய திருவகீந்திரபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்த வேதாந்த தேசிகர், ரகஸ்யத்ரயசாரத்தில் அபராத பரிகாரத்துக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். சரணடைந்தவர் பின்னாளில் அறியாமல் செய்யும் பிழை அவரை ஒட்டாது. அறிந்தே செய்தால் வருந்தி மீண்டும் பரிகாரம் தேட வேண்டும். வருந்தாத மனத்துக்கு, சிறிதானாலும், தண்டனை உண்டு. செயல் ஒன்றே, இடையில் அறிவு புகுந்ததால் கணக்கு மாறுகிறது. விவிலியத்தின் யாத்திராகமம் இதையே மாட்டை வைத்துச் சொல்கிறது. முட்டும் வழக்கமில்லாத மாடு ஒருவரை முட்டிக் கொன்றால் உரிமையாளர் மேல் குற்றமில்லை. முட்டும் மாடு என்று முன்பே எச்சரித்தும் கட்டி வைக்காமல் விட்டிருந்தால் உரிமையாளரே குற்றவாளி.

நிறுவனத்திலிருந்து வரும் ரீகால் கடிதம் அந்த எச்சரிக்கைதான். அது வரும்வரை குழாயின் பிழை முழுவதும் ஆலையுடையது. கடிதத்தைப் பிரித்துப் படித்த பிறகு பிழையில் ஒரு பங்கு வண்டிக்காரருடையது. நிறுவனம் தன் பங்கைக் கைகழுவிவிடுகிறது என்று இதற்குப் பொருளில்லை. அதன் கடன் அப்படியே இருக்க, இரண்டாவதாக ஒருவர் கடனாளியாகிறார்.

அந்த இரண்டாமவர் நிலையைக் கடலூர் மாவட்டத்து ஸ்ரீமுஷ்ணம் போன்ற ஊரில் வைத்துப் பார்ப்பது நல்லது. பிக்கப் அங்கே வீட்டின் பிழைப்பு. மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டையை ஏற்றிக்கொண்டு விருத்தாசலம் மார்க்கெட் கமிட்டிக்குப் போகிற வண்டிக்கு அறுவடைக் காலத்தில் ஒரு நாள் ஓட்டம் நின்றால் வாடகை போயிற்று. மாதாமாதம் கட்டும் டியூ நிற்காது. கம்பெனி ஷோரூம் பணிமனைக்குப் போக வேண்டுமானால் விருத்தாசலமோ சிதம்பரமோ கடலூரோ. பழுதுக்குக் காசில்லை என்று கடிதம் சொல்வது உண்மை. போய்வரும் டீசலும் இழந்த லோடும் அந்தக் கணக்கில் வராது. செய்தி பல சமயம் உரிமையாளரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வந்து, விளம்பரங்களோடு சேர்ந்து அழிந்துபோகிறது. வண்டியை ஓட்டுபவர் வேறு ஆளாக இருந்தால் நாள் முழுதும் ஆபத்தின் மேல் உட்கார்ந்திருப்பவருக்கு அது எட்டுவதே இல்லை. ஆகவே கடிதம் அனுப்பியதோடு எச்சரிக்கை முடிந்தது என்று நிறுவனம் சொல்ல முடியாது. யாத்திராகமத்தின் உரிமையாளரிடம் ஊரார் நேரில் சொல்லியிருப்பார்கள்.

மறுபக்கமும் உண்டு. மாசி மகத்தில் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்கு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சிதம்பரத்தை அடுத்த கிள்ளைக் கடற்கரை வரை எழுந்தருள்கிறார். அங்கே இஸ்லாமியர்களும் எதிர்கொண்டு மரியாதை செய்வது நெடுநாள் வழக்கம். அந்த நாட்களில் சாலை முழுதும் நடந்து போகிறவர்கள். அவர்களில் யாரும் எந்த வண்டிக் கம்பெனியோடும் ஒப்பந்தம் செய்தவர்கள் அல்லர். யாருக்கும் கடிதம் வரவில்லை. ஏற்றத்தில் மூட்டை நிறைந்த பிக்கப் ஒன்று நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போனால் கேடு அவர்களுக்கும்தான். சாலையில் செல்லும் பிறர் என்று சட்டம் சொல்வது இவர்களைத்தான். தன் உயிர், தன் வண்டி, சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போடும் உரிமை வண்டிக்காரருக்கு உண்டா என்ற கேள்விக்கு இந்தச் சாலையே பதில். தன்னை மட்டும் தாக்கும் ஆபத்தை ஒருவர் ஏற்றுக்கொள்ளலாம். பிறர் சார்பில் ஏற்க முடியாது.

2015 டிசம்பரில் ஃபோக்ஸ்வேகன் குழுமம் இந்தியாவில் 3,23,700 டீசல் கார்களை அழைத்தபோது இதே கேள்வி இன்னும் கூர்மையானது. ஈ.ஏ. 189 எஞ்சினின் புகைக் கட்டுப்பாட்டைத் திருத்துவதற்கான அழைப்பு அது. சரிசெய்யாவிட்டால் உரிமையாளருக்கு ஆபத்து ஏதுமில்லை, பாதிப்பு காற்றுக்கு. தனக்கு எந்த லாபமும் இல்லாத பழுதுபார்ப்புக்காக ஒரு நாளைச் செலவிடுவது முழுக்க முழுக்கப் பிறருக்கான செயல். அங்கே குறை தெரியாமல் புகுந்ததும் அல்ல, வேண்டுமென்றே வைத்தது. தேசிகரின் கணக்கில் அது வேறு பக்கத்தில் எழுதப்படும்.

பணிமனையில் நடப்பது சிறிய வேலைதான். சர்வீஸ் அட்வைசர் ஆர்.சி. புத்தகத்தை வாங்கி, 17 இலக்கச் சேஸிஸ் எண்ணைக் கணினியில் தட்டி, பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து ஜாப் கார்டு போடுகிறார். வண்டி லிஃப்டில் ஏறுகிறது. மெக்கானிக் குழாயின் போக்கை விளக்கால் தொடர்ந்து, இணைப்புகளில் கசிவின் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறார். தேவையானால் குழாயை மாற்றுகிறார். பிறகு அந்த எண்ணுக்கு நேரே வேலை முடிந்ததாகப் பதிவாகிறது. வண்டிக்காரர் கடைசித் தாளில் கையெழுத்துப் போடுகிறார். அடியில் நடந்ததை அவர் பார்த்திருக்க மாட்டார். பார்க்காமலே முடிந்ததாக எழுதப்பட்டால் எச்சரிக்கையும் போய்விடும், குறை மட்டும் மிஞ்சும். ஆலையில் நேர்ந்தது தவறு. இங்கே நேர்ந்தால் அது பொய்.

குறையைச் செய்யாத டீலர் பரிகாரத்தைச் செய்வது முறையா என்று கேட்கலாம். ஜைமினியின் மீமாம்ச சூத்திரம் யாகத்தில் எதற்கெல்லாம் பதிலி வைக்கலாம் என்று விவாதிக்கிறது. சில பொருள்களுக்குப் பதில் வேறு பொருள் வைக்கலாம். வேலையைப் புரோகிதர்கள் செய்யலாம். யாகத்துக்கு உரியவனான யஜமானனுக்குப் பதிலி கிடையாது. பலனும் கடனும் அவனுடையவை. ரீகாலில் டீலர் புரோகிதரின் இடத்தில் இருக்கிறார். பாகம் இன்னும் வரவில்லை, அடுத்த மாதம் வாருங்கள் என்று அவர் திருப்பி அனுப்பினால் தவறுவது யஜமானனின் கடன்தான்.

கைமாறிய வண்டிதான் மிகவும் சிக்கல். வராக சரம சுலோகம் என்று வைணவர்கள் போற்றும் வாக்கில், நல்ல நிலையில் இருக்கும்போது தன்னை நினைத்தவரை, அவர் நினைவிழந்து கட்டையாய்க் கிடக்கும்போது தான் நினைத்துக்கொள்வதாகப் பூவராகர் பூமிப்பிராட்டியிடம் சொல்கிறார். படைத்தவரின் நினைவு படைக்கப்பட்டதன் மறதியைத் தாண்டியும் நீள்கிறது. நிறுவனத்தின் நினைவு அவ்வளவு தூரம் போவதில்லை. அதனிடம் இருப்பது சேஸிஸ் எண்ணும் முதலில் வாங்கியவரின் முகவரியும். பிக்கப் ஐந்தாறு ஆண்டில் இரண்டு மூன்று கை மாறும். கடிதம் எப்போதோ விற்றுவிட்டவரின் வீட்டுக்குப் போகிறது.

அந்த முன்னாள் உரிமையாளர் இப்போது சிசரோவின் வீட்டுக்காரர் நிலையில் இருக்கிறார். கடிதம் தன் கையில், வண்டி இன்னொருவரிடம். ஆன்டிபேட்டரின் தீர்ப்பு அவருக்கும் பொருந்தும்: வாங்கியவரைக் கூப்பிட்டுச் சொல்வது ஒரு போன் வேலை. விற்பதற்கு முன்பே கடிதம் வந்து அதைச் சொல்லாமல் விற்றிருந்தால், அடியில் ஈரமிருந்த தானியக் குவியலும் அதுவும் ஒன்று. பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுக்கும் படிவம் 29-இலும் 30-இலும் ரீகால் பற்றிக் கேட்கும் கட்டம் இல்லை. ஆனால் ரீகால் ஆளைத் தொடர்வதில்லை, சேஸிஸ் எண்ணைத் தொடர்கிறது. பழைய வண்டி வாங்குகிறவர் முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த எண்ணைக் கம்பெனிப் பணிமனையில் காட்டிப் பாக்கி வேலை இருக்கிறதா என்று கேட்கலாம். இருந்தால், மூன்றாவது கையில் இருக்கும் வண்டிக்கும் அதைக் காசு வாங்காமல் செய்து கொடுக்கும் கடன் தயாரித்தவருடையது.