ஏடும் அதன் நிழலும்

சில திங்களின் முன்னர் எம் மாணாக்கரொருவர், எம் ஆசிரியர் எமக்களித்த பழஞ்சுவடியை ஏடுதோறும் படமெடுத்துக் கைப்பேசியிற் பதிந்துகொண்டு, "ஐயா, எழுத்தெல்லாம் இதனுள் வந்துவிட்டன, இனிச் சுவடி எதற்கு?" என்று வினவினார். எளிதில் ஒதுக்கத்தக்க வினாவன்று. ஆகலின் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

எழுத்தை அறிதலே பயனெனின், அவர் கூற்று மெய்யேயாம். ஏட்டிற் புள்ளியின்மையானும், காலும் ரகரமும் ஒத்துத் தோன்றலானும் ஐயம் நிகழுமிடங்களில், படத்தைப் பெரிதாக்கிக் காண்டல் பெரிதும் உதவும். செல்லரித்தலும் அதற்கில்லை. புதுச்சேரியிலுள்ள ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகள் 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்க்கப்பெற்றன. இத்தகையவற்றைப் படமெடுத்துக் காப்போர் செய்வது பேருதவியேயாம்.

ஆயினும், சுவடி எழுத்து மாத்திரமன்று. ஓலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியாற் கீறி, மையாடி, துளையிற் கயிறு கோத்தவன் ஒருவன் உளன். ஓரத்தின் தேய்வு ஓதினோர் விரலாலாயது. படமும் அத்தேய்வைக் காட்டுமெனின், காட்டும். அவர் விரல் தொட்டதோ ஏட்டையே. மேலும், படத்தின் படிகள் ஒன்றையொன்று ஒக்குமாகலின், ஒன்றழியினும் வருந்துவாரிலர். சுவடியோ ஒன்றே, அழியுந்தன்மைத்து. அதுபற்றியே அதனை அவிழ்க்குங்கால் கை மெதுவாகின்றது. கை மெதுவாக, உள்ளமும் ஒருங்குகின்றது.

அற்றேல், இது சடப்பொருள்மேல் வைத்த பற்றன்றோ, பற்று நீக்கற்பாலதன்றோ எனின், கூறுதும். 'எனது' என்று பூட்டிவைத்தல் பற்று. 'என்பால் வைக்கப்பட்டது' என்று பேணுதல் கடன். ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டோரும் நம்முள் இருந்தனர். அது பற்றறுத்தலன்று, கடன் மறத்தலேயாம். அக்கடனை உணர்ந்தே, 1887-ஆம் ஆண்டிற் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரவர்கள் ஊர்தோறும் சென்று ஏடு தேடினார்கள்.

இங்ஙனம் விடைகூறி, அச்சுவடியை அம்மாணாக்கரிடமே ஒப்புவித்தோம். இருகையாலும் ஏந்திச் சென்றார். அன்றிரவு வெறிதாய்க் கிடந்த ஏட்டுப்பெட்டியைக் கண்டு எம் மனம் வருந்திற்று. கடனென்று யாம் கருதியதனுள் பற்றும் கலந்திருந்தமை அப்பொழுதே விளங்கியது.

ஆகலின் அன்பர்காள், நும் இல்லத்து ஏடுகளைப் படமெடுப்பியுங்கள். எடுப்பித்தபின் ஏட்டை எறியாதொழியுங்கள். பேணவல்லார் ஒருவரைத் தேடி, நும் காலத்திலேயே அவர் கையிற் கொடுங்கள்.