கடன்பட்டவனுக்கு மேலும் ஒரு கடன்

பிரிட்டனில் வங்கிக்கு ஈடுவைத்து வீடு வாங்கிய ஒருவருக்கு வேலை போய்விடுகிறது. அரசு தரும் உதவித் தொகையில் வயிறு கழுவலாம். வீட்டுத் தவணை கட்ட முடியாது. கட்டாவிட்டால் வீடு வங்கிக்குப் போய்விடும்.

இத்தகையோரின் ஈட்டுக் கடனுக்குரிய வட்டியை முன்பு அந்நாட்டு அரசே மானியமாகக் கட்டி வந்தது, திருப்பிக் கேட்டதில்லை. 2018 ஏப்ரலில் அந்த மானியம் கடனாக மாறிற்று. யுனிவர்சல் கிரெடிட் என்னும் உதவித் தொகை பெறுவோர் 3 மாதம் காத்திருக்க வேண்டும். பிறகு 2,00,000 பவுண்டு வரையுள்ள கடனின் வட்டிக்காக அரசு வங்கிக்கே பணம் செலுத்தும். அசலில் ஒரு காசும் குறையாது. செலுத்திய தொகை வீட்டின்மேல் பாரமாக ஏறும். அதற்கும் வட்டி உண்டு. வீட்டை விற்கும்போது வசூலிப்பார்கள்.

வட்டி கட்டுவதற்கு வட்டிக்குக் கடன்!

அரசின் பக்கம் நியாயமே இல்லையென்று சொல்லமாட்டேன். வாடகை வீட்டில் இருப்பவனின் வரிப்பணத்தில் இன்னொருவனின் சொத்தை ஏன் காக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். விற்ற பணம் போதாவிட்டால் மீதியைத் தள்ளுபடியும் செய்கிறார்கள். ஆனால் கடனாளி கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள், விட்டுக்கொடுத்தால் இன்னும் மேல் என்பது அல்பகரா 280-ம் வசனத்தின் கருத்து. இங்கே அவகாசம் கிடைக்கிறது. அந்த அவகாசத்துக்கு விலையும் வைக்கப்படுகிறது. வட்டியின் உயிரே அதுதானே?

அங்குள்ள நம் சகோதரர் இதை வாங்கலாமா? ஐரோப்பிய ஃபத்வா கவுன்சில் 1999-ல், வேறு வழியற்றவர் வட்டிக் கடனில் குடியிருக்க வீடு வாங்கலாமென்றது. ஆலிம்கள் பலர் அதை ஏற்கவில்லை. அது வீடு வாங்குவது பற்றியது. இவரோ இருக்கும் வீட்டை இழக்கப்போகிறவர். விற்றுவிட்டுச் சிறிய வீட்டுக்குப் போக முடியுமானால் போகட்டும். உற்றார் கைகொடுத்தால் அதுவே மேல். எதுவுமின்றிப் பிள்ளைகளோடு தெருவில் நிற்கும் நிலையென்றால், அவரைப் பாவி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. தம் நிலையை ஆலிமிடம் ஒளிவின்றிச் சொல்லிக் கேட்கட்டும்.

நிற்க. கேள்வி அவரோடு முடிந்துவிடுகிறதா? ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடன்பட்டவரும் ஒருவர். அந்த 3 மாதக் காத்திருப்பில் அவர் ஐவேளையும் ஜமாஅத்தோடு தொழுதிருப்பார். பக்கத்தில் சொந்த வீடும் சேமிப்பும் உள்ளவர்கள் நின்றிருப்பார்கள். கர்ளன் ஹஸனாவாக நாலு தவணை கொடுத்திருந்தால் அவர் அரசின் படிவத்தைத் தொட்டிருக்கவே மாட்டார். அவர் கையெழுத்திட்ட பிறகுதான் ஹராமா ஹலாலா என்ற பேச்சு பள்ளிவாசல் திண்ணையில் தொடங்குகிறது.