அறிந்து செய்தானா?

கொலை வழக்கொன்றில், எதிரி சித்தசுவாதீனமற்ற நிலையில் செய்தார் என்று மன்று தீர்த்தால் நம்மவர் வாயில் உடனே எழும் பேச்சு, “பைத்தியம் என்று நடித்துத் தப்பிவிட்டான்” என்பதாகும். உப்புவெளிச் சந்தியிலும் அதுதான், திருகோணமலை நீதிமன்ற வாசலிலும் அதுதான்.

உண்மையில் அவர் தப்புகிறாரா? விடுதலை என்று தீர்த்தாலும், செயலை அவர் செய்தாரா என்பதையும் மன்று சொல்லவேண்டும். செய்தார் எனில் அவரை வீட்டுக்கு விடாது, காவலில் வைக்கக் கட்டளையிடும். சாதாரண மறியலுக்கு ஒரு முடிவுத் திகதி உண்டு. இக்காவலுக்கு அதுவும் இல்லை. அங்கொடை என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கிய நாம், அங்கே கிடப்பதைத் தப்புதல் என்கிறோம்!

1883ஆம் ஆண்டின் நமது தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவு கேட்பது இதுதான்: செயலைச் செய்த அவ்வேளையில், மனப்பிறழ்வினால், தான் செய்வது இன்னதென்றோ, அது பிழை அல்லது சட்டவிரோதம் என்றோ அறிய இயலாதவராய் அவர் இருந்தாரா? 1843இல் இங்கிலாந்தில் மக்நோட்டன் என்பவர் பிரதமரின் செயலாளரைச் சுட்டுக்கொன்ற வழக்கை அடுத்துப் பிறந்த விதியின் வழிவந்த பிரிவு இது. எல்லாம் அறிவைப் பற்றியே. மனித சித்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஆனால் நோய் அறிவை மட்டுமா கெடுக்கிறது? 1969 ஆகஸ்ட் 21இல் எருசலேமின் அல்-அக்ஸா பள்ளிவாசலுக்குத் தீ வைத்த அவுஸ்திரேலியர் டெனிஸ் மைக்கல் ரோகனை நினைத்துப் பாருங்கள். மண்ணெண்ணெயுடன் திட்டமிட்டு வந்தவர். தாம் இறைவனின் தூதர் என்றும், வேதாகமத்தின்படியே செய்வதாகவும் நம்பினார். தீ வைப்பது சட்டவிரோதம் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆயினும் மனநோயினால் அவர் பொறுப்பாளியல்ல என்று மன்று தீர்த்து, மருத்துவமனைக்கு அனுப்பியது. திட்டம் போட்டவன் பைத்தியமாக இருக்கமாட்டான் என்ற சந்திப் பேச்சு இங்கே நிற்காது. நமது 77ஆம் பிரிவின்கீழ் அவர் நின்றிருந்தால் தீர்ப்பு என்னவாகும் என்பது எனக்கு ஐயமே.

சாவான பாவத்துக்கு முழு அறிவும் வேண்டும், முழுச் சம்மதமும் வேண்டும் என்று ஞானோபதேச வகுப்பில் சிறுபிள்ளையும் ஒப்புவிக்கும். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் இன்னும் ஒருபடி செல்கிறது. வழமையாகவே புத்தித் தெளிவற்றவர், மீறும் வேளையில் தெளிவாய்த் தோன்றினாலும் குற்றம் புரிய இயலாதவரே என்கிறது அதன் 1322ஆம் பிரிவு. அந்த ஒரு வேளையை மட்டும் பார்க்கும் நாட்டுச் சட்டத்திலும் இது நோயை நன்கறிந்த சட்டமென்பேன்.

“செத்த என் பிள்ளைக்கு என்ன நியாயம்?” என்று கேட்கும் தாய்க்கு இவையெல்லாம் ஆறுதலாகா. அவருக்கு ஆறுதல் கடன்பட்டவர்கள் நாமெல்லோரும். அதற்காக நோயாளியைக் குற்றவாளி என்று எழுதினால் அது நியாயமுமாகாது.

இன்னொன்றும் உண்டு. தமக்குச் சித்தசுவாதீனம் இருக்கவில்லை என்பதை நிரூபிக்கவேண்டியவர் எதிரியேதான். நம் வீடுகளிலோ ஒருவருக்கு மனம் பேதலித்தால் முதலில் கதவைச் சாத்துகிறோம். பிறகு பேயோட்ட அழைத்துப் போகிறோம். அக்காவுக்குச் சம்பந்தம் குழம்பிவிடும் என்று ஆஸ்பத்திரிப் பக்கம் போவதேயில்லை. நாளை வழக்கென்று வந்தால், சட்டத்தரணி முதலில் கேட்பது கிளினிக் கொப்பியைத்தான்.