பணிப்பெண்ணுக்குப் பயிற்சி எதற்கு?

நம் கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர், “பணிப்பெண்ணைத் தையல் வகுப்புக்கு அனுப்பினால் நாளை நம்மை விட்டுப் போய்விடுவாளே, பாய்!” என்றார். ஆள் மாறினால் செலவுண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒருத்தியின் அறியாமையை நம் வீட்டுக்குக் காவலாக வைப்பது நியாயந்தானா? பையன் கணக்குக் கற்றால் தனிக்கடை வைத்துவிடுவான் என்று பேரேட்டை ஒளித்த முதலாளிமாரையும் நாம் கண்டதுண்டு. சம்பளம் இன்றைய வேலைக்கு. அவளுடைய பிற்காலத்தை நாம் விலைக்கு வாங்கவில்லை.

சிங்கப்பூரில் 2013 முதல் பணிப்பெண்களுக்கு வார ஓய்வுநாள் சட்டமாயிற்று. ஓய்வுக்குப் பதில் காசு கொடுக்கவும் இடமிருந்தது. 2023 ஜனவரி முதல் மாதம் ஒரு நாளையேனும் அவ்வாறு ஈடுகட்ட முடியாது. 2006-இல் தோன்றிய ஆய்தா என்னும் அமைப்பு இந்தோனேசிய, பிலிப்பீன்ஸ், மியன்மார் பெண்களுக்கு வரவு செலவும் சிறுதொழிலும் கற்பித்து வருகிறது.

கணக்குச் சரி, படம் வரைவது எதற்கு என்பர். ஆறு நாளும் பிறர் சொன்னபடி இயங்கிய கை, அங்கே ஒரு வண்ணத்தைத் தானே தேர்ந்தெடுக்கிறது. ஊர் திரும்பிக் கடை வைப்பவளுக்குச் சரக்கெடுக்கவும் அதே துணிவு வேண்டும். கல்லாவில் அமர்ந்தோர் அறிவர்.

வகுப்புக்குப் பஸ் காசு யார் கொடுப்பது என்றும் அவர் கேட்டார். நாம்தாம், சம்பளத்தில் பிடிக்காமல்.