பாட்டு எங்கே இருக்கிறது?

"இதில் பாட்டு எங்கே இருக்கிறது?" என்று ஒரு மாலைப் பொழுதில் நம் மகளைக் கேட்டோம். கேட்ட மாத்திரத்தில் நாவைக் கடித்துக்கொண்டோம். 1990களில், கணிப்பொறியின் துணையோடு பிறந்த புதிய திரையிசையில் நாம் மயங்கிக் கிடந்த நாட்களில், "இதுல பாட்டு எங்கேடா?" என்று நம் தந்தையார் இதே எரிச்சலோடு வினவியதுண்டு. அன்று நாம் விடை கூறவில்லை. நம் மகளோ, "கடைசி வரைக்கும் கேளுங்கப்பா, அப்புறம் சொல்லுங்க" என்றாள். கேட்டோம். அன்று ஒரு முறை. பின்னர்ப் பல முறை.

அவள் கேட்டுக்கொண்டிருந்தது ரேடியோஹெட் என்னும் ஆங்கிலேய ராக் இசைக்குழுவின் 'கிட் ஏ' என்ற தொகுப்பு. ஆக்ஸ்ஃபர்டுக்கு அருகிலுள்ள அபிங்டனில், ஒரே பள்ளியில் பயின்ற ஐந்து மாணவர்கள் 1985ஆம் ஆண்டு கூடித் தொடங்கிய குழு அது. பாடகர் தாம் யார்க். உடன்பிறந்தாரான ஜானி கிரீன்வுட், காலின் கிரீன்வுட். கிதார் வாசிக்கும் எட் ஓபிரையன். டிரம்ஸ் வாசிக்கும் ஃபிலிப் செல்வே. மூன்று கிதார்கள், உருகும் ஒரு குரல், ஏறி இறங்கி நெஞ்சைத் தொடும் மெட்டு என்று ராக் மரபின் வழி நின்றே இவர்கள் பேர் பெற்றார்கள். 1997இல் வெளிவந்த 'ஓகே கம்ப்யூட்டர்' இவர்களைப் புகழின் உச்சியில் கொண்டு நிறுத்தியது.

உச்சியில் நின்றவர் அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. யார்க்கிற்குத் தம் குரலே சலித்துவிட்டது. கிதாரைத் தொட்டால் பாட்டு வரவில்லை. 1999இல் ஐவரும் பாரிஸிலும், பின்னர் கோபன்ஹேகனிலும், இங்கிலாந்திலும் கூடி உழைத்தபோது, சிந்தசைஸர்களும், தாளப்பொறிகளும், 1928இல் மார்த்தனோ என்ற பிரெஞ்சுக்காரர் அறிமுகப்படுத்திய 'ஓண்ட் மார்த்தனோ' என்னும் மின்னிசைக் கருவியும் கிதாரின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் 'கிட் ஏ' வெளிவந்தது. வழக்கம்போல் தனிப்பாடல் எதையும் அவர்கள் அதிலிருந்து எடுத்து விற்கவில்லை. ஆயினும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அது விற்பனையில் முதலிடம் பெற்றது. கூடவே, பழைய அன்பர் பலரின் கோபத்தையும் பெற்றது.

கோபித்தவர்களுள் ஒருவர் நாவலாசிரியர் நிக் ஹார்ன்பி. இத்தகைய இசைக்கு அடியார்களின் பொறுமை வேண்டும். சம்பளத்திற்கு உழைக்கத் தொடங்கியவனுக்கு அது எங்கே கிடைக்கும் என்ற கருத்துப்பட அவர் எழுதினார். நாமும் சம்பளக்காரர்தாம். நாள் முழுதும் கோப்புகளோடு மல்லாடிவிட்டுப் பேருந்தில் தொங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவனுக்கு, முணுமுணுக்க ஒரு மெட்டு வேண்டும் என்பது ஆடம்பரம் அன்று, தேவை. கலைஞன் யாருக்கும் கடன்பட்டவன் அல்லன் என்று கூறித் தப்பித்துக்கொள்வதை நாம் ஏற்பதற்கில்லை. காசு சேர்த்து இசைத்தட்டு வாங்கியவனின் அன்புக்கு ஓர் உரிமை உண்டு. எதன்மேல் உரிமை என்பதே இங்கு வினா. நேற்றுப் பெற்ற அதே பண்டத்தின்மேலா? அப்பண்டத்தைப் படைத்த உண்மையின்மேலா?

கருவியில் மெய்யும் பொய்யும் உண்டு என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டு ஆர்மோனியத்திற்கு விதித்த தடை ஏறத்தாழ முப்பதாண்டுகள் நீடித்தது. கமகத்தை அது வழங்காது என்ற குறையில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் நம் ஊர் நாடகமேடைகளில் அதே பெட்டி எத்தனை பேரை அழவைத்திருக்கிறது!

ரேடியோஹெட்டின் ஒரு பாடலை இங்குச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம். அவர்களிடம் 'ஐ வில்' என்றொரு பாடல் இருந்தது. அதை மின்னொலியில் அமைத்துப் பார்த்தார்கள், மனம் ஒப்பவில்லை. பதிவைத் தலைகீழாக, அதாவது முடிவிலிருந்து தொடக்கம் நோக்கி, ஓடவிட்டார்கள். அவ்விபரீத ஒலியில் புதியதொரு மெட்டு யார்க்கின் காதில் விழுந்தது. அதற்குச் சொற்களை அமைத்து, அச்சொற்களைப் பின்னிருந்து முன்னாக ஒலிக்கக் கற்றுப் பாடிப் பதிந்து, அப்பதிவையும் திருப்பி ஓடவிட்டார். விளைந்தது, 2001இல் வெளிவந்த 'ஆம்னீசியாக்' தொகுப்பிலுள்ள 'லைக் ஸ்பின்னிங் பிளேட்ஸ்'. சொற்கள் சொற்களாகவே ஒலிக்கின்றன. ஆயினும் நீருக்கடியில் கிடக்கும் எழுத்தைப் படிப்பதுபோல் அவை நெளிகின்றன. நாம் முதலில் எரிச்சலுற்றது இதைப்போன்ற ஒன்றைக் கேட்டுத்தான்.

அதே ஆண்டு அவர்கள் வெளியிட்ட மேடைப் பதிவுகளில் இப்பாடல் மீண்டும் வருகிறது. இம்முறை தலைகீழ் வித்தை ஏதுமில்லை. பியானோ ஒன்று அலையலையாக எழுகிறது, அதன்மேல் அக்குரல். கட்டுக்கோப்பான மெட்டும், சீரான அடிகளும், ஆற்றாமையும் கொண்ட முழுமையான ஒரு பாட்டு! இதைக் கேட்டபின் பழைய பதிவுக்குத் திரும்பினோம். பாட்டு அங்கேயும் இருந்தது. நமக்குத்தான் கேட்கவில்லை.

அப்படியானால் பொறி வெறும் வேடந்தானா என்று கேட்கத் தோன்றும். நமக்கும் தோன்றியது. சில நாட்கள் அதையே நம்பியும் இருந்தோம். ஆனால் பதிவைத் திருப்பி ஓடவிட்டிராவிட்டால் அம்மெட்டே பிறந்திராது அன்றோ? பியானோவில் அவ்வளவு இயல்பாக ஒலிப்பது, பொறியின் வயிற்றில் பிறந்த பிள்ளை.

புதுமை என்று சொல்லப்படுவதன் வேரும் இவ்வாறே பழையது. 'கிட் ஏ'யிலுள்ள 'இடியோடெக்' என்ற பாடலைத் தாங்கி நிற்கும் சில ஒலிகள், பால் லான்ஸ்கி என்ற அமெரிக்கர் 1973இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஐபிஎம் கணிப்பொறியில் அமைத்த இசையிலிருந்து எடுக்கப்பட்டவை. லான்ஸ்கியோ, 1865இல் அரங்கேறிய வாக்னரின் இசைநாடகம் ஒன்றை மனத்திற்கொண்டு அதை அமைத்தவர். லான்ஸ்கியிடம் ஒப்புதல் பெற்று, தொகுப்பிலும் கடனைக் குறித்தார்கள். கடன் வாங்கியதை எழுதிவைப்பவனிடம் நமக்கு எப்போதுமே மரியாதை உண்டு. குமாஸ்தா புத்தி என்று கொள்க.

எனினும் நம்மை மிகவும் உறுத்திய செய்தி வேறு. தாளப்பொறி தாளமிடும்போது செல்வேயின் கைகள் என்ன செய்யும்? கிதாரே வேண்டா என்னும்போது ஓபிரையனுக்கு என்ன வேலை? ஒவ்வொரு பாடலிலும் ஒவ்வொருவரும் வாசிக்க இயலாது என்ற நிலையை ஐவரும் பேசி ஏற்க வேண்டியிருந்தது. குழு கலைந்துவிடும் அளவுக்கு மனக்கசப்பு வளர்ந்ததாகவும் தெரிகிறது. ஆனால் கலையவில்லை. 'ட்ரீஃபிங்கர்ஸ்' என்னும் பகுதி முழுதும் ஓபிரையனின் கிதார் ஒலியைக் கணிப்பொறியில் உருமாற்றிச் செய்ததே. கேட்பவர் எவரும் அதைக் கிதார் என்று சொல்லமாட்டார். பாடல்களை இயற்றியவர் பெயர், வாசித்தவர் வாசிக்காதவர் என்ற வேறுபாடின்றி, குழுவின் பெயராகவே பொதுவில் அமைந்தது.

நாம் பணியில் சேர்ந்த புதிதில் முதியதொரு தட்டச்சர் இருந்தார். அவர் விரல்கள் ஓடும் ஓசையைக் கொண்டே கடிதத்தின் எந்தப் பத்தியில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். கணிப்பொறிகள் வந்தன. அவரைத் தபால் பதிவேட்டில் அமர்த்தினார்கள். சம்பளம் குறையவில்லை, ஒருவரும் அவருக்குத் தீங்கு நினைக்கவில்லை. ஆனால் அவரைக் கலந்து கேட்டவரும் ஒருவரில்லை. நாமும் கேட்கவில்லை. புதிய பொறியில் நாம் வேகமாகக் கற்றுக்கொண்ட பெருமிதத்தில் இருந்தோம். பொறி நல்லதா தீயதா என்ற வழக்கு எழும்போதெல்லாம், அவர் உறையின்மேல் முத்திரை குத்திக்கொண்டிருந்த காட்சிதான் நம் கண்முன் வருகிறது.

இக்குழுவின் ஜானி கிரீன்வுட் 2015இல் நம் நாட்டிற்கு வந்தார். ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டையில், ஷை பென் ட்ஸூர் என்ற இஸ்ரேலிய இசையமைப்பாளரோடும் ராஜஸ்தானத்துக் கலைஞர்களோடும் சேர்ந்து 'ஜுனூன்' என்ற தொகுப்பைப் பதிவு செய்தார். கவ்வாலிக் குரல்களும், பித்தளை வாத்தியங்களும், டோலக்கும் அதில் முழங்குகின்றன. இடையிடையே இவருடைய கிதாரும் பொறிகளும், பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்தவரைப்போல் அடங்கி ஒலிக்கின்றன.

சென்ற தீபாவளிக்கு நம் தந்தையார் ஊரிலிருந்து வந்திருந்தார். பேத்தி அவருக்கு அந்தப் பியானோப் பாடலைப் போட்டுக் காட்டினாள். மொழி புரியாவிட்டாலும், "யாரோ எதையோ பறிகொடுத்துட்டுப் பாடறாங்கம்மா" என்றார். பிறகு தலைகீழ்ப் பதிவைக் கேட்டார். "அது பாட்டு. இது இல்லே" என்று தீர்ப்பளித்துவிட்டார். நாம் வாதாடினோம், அவர் அசையவில்லை. நமக்கே 'ட்ரீஃபிங்கர்ஸ்' இன்னும் வசப்படவில்லை என்பதால் அதற்குமேல் வற்புறுத்தவும் இயலவில்லை. 'ஜுனூன்' மட்டும் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஊர்த் திருவிழா பேண்டு வாத்தியம் மாதிரியே இருக்கிறது என்று தாளம் போட்டுக்கொண்டு கேட்டார். அதிலும் தாளப்பொறியின் ஒலி கலந்திருக்கிறது என்பதை நாம் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்கிறாள் மகள்.